கிறுகு, ஏறு, விடு

ஒரு பருவம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தியவரைப் பற்றி எழுதப் போகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருக்கும் அது பிடிக்காது. அணியில் எல்லோருக்கும் அவர் அக்காதான். ஜமேக்காக் குடும்பத்துப் பிள்ளையும் சோமாலியக் குடும்பத்துப் பிள்ளையும் அதுதான் அவருடைய பெயர் என்று கடைசிவரை நினைத்திருந்தார்கள்.

அப்போது நான் ஸ்காபரோவில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பெண்கள் உதைபந்தாட்ட அணியில் பின்வரிசையில் நடுவில் நிற்பேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். முந்திய ஆண்டு இரண்டு சிவப்பு அட்டை வாங்கியிருந்தேன். இரண்டும் எனக்குத் தகும். ஆண்கள் அணிக்குப் புதுச் செயற்கைப் புல் மைதானம், எங்களுக்குக் கல்லும் குழியுமான பழைய மைதானம். அந்த மைதானத்தையே இன்னும் மன்னிக்காதவள் நான். அதனால் இந்தக் கட்டுரையில் இனிமையை எதிர்பார்க்காதீர்கள்.

அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டேன். செப்டெம்பர் முதல் வாரம், பயிற்சி. பந்தை வாங்கிக்கொண்டு எங்கே போடலாம் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே பஸ் தரிப்பிடத்திலிருந்து ஒரு சத்தம்.

"புள்ள, பின்னால ஆள் வாறாள். கிறுகு."

கிறுகு என்றால் திரும்பு. மட்டக்களப்புச் சொல். என் அம்மா அப்பா யாழ்ப்பாணம், நான் பிறந்தது இங்கே. அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. ஆனாலும் திரும்பினேன். அந்தக் குரலுக்கு யாரும் திரும்புவார்கள். உண்மையாகவே பின்னால் ஒருத்தி பந்தைப் பறிக்க வந்துகொண்டிருந்தாள்.

எங்கள் கோச் ஒரு போர்த்துக்கேயப் பெண். அதிகம் பேச மாட்டார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேலிப் பக்கம் பார்த்தார். தோளில் பை, கையில் சாப்பாட்டுப் பெட்டி, முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர். முதியோர் பராமரிப்புப் படிக்கிற ஓராண்டு மாணவி. கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. கோச் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அவரை உள்ளே கூப்பிடு.

எங்கள் கோல் கீப்பருக்கு முழங்கால் போய் நாலு நாள். அக்கா பள்ளிக்கூடத்தில் கரப்பந்து விளையாடியவர். உதைபந்துக்கு அவர் கால் லாயக்கில்லை. பந்தை உதைத்தால் அது எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. கை மட்டும் நல்ல கை. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அந்த உயரத்தில் கோல் கீப்பர் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். கோச் வைத்தது உயரத்துக்காகவும் இல்லை, கைக்காகவும் இல்லை. வாய்க்காக.

அந்த வாய் ஓயாது. பந்து மற்ற அந்தத்தில் இருக்கும்போதும் ஓயாது. யார் எங்கே நிற்கிறார்கள், யார் மூச்சு வாங்குகிறார்கள், யாருடைய சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருக்கிறது, எல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார். எல்லாம் தமிழில். ஆங்கிலத்தில் சொல்லும்படி கோச் கேட்டார். அக்கா இரண்டு நாள் முயன்றார். ஆங்கிலத்தில் சொல்லுவதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. மூன்றாம் நாள் கோச்சே, பிள்ளைகள் தமிழ் படிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

படித்தார்கள். ஆள் என்றால் பின்னால் ஒருத்தி வருகிறாள். விடு என்றால் பந்தைத் தொடாதே, நான் எடுக்கிறேன். ஏறு என்றால் எல்லோரும் முன்னால் போ. அடி, கிறுகு. ஐந்து சொல். வலப்பக்கம் விளையாடிய ஜமேக்காப் பிள்ளை மூன்றாம் கிழமை என்னைப் பார்த்து "ஏறு, ஏறு" என்று கத்தினாள். அக்காவின் அதே இழுவை. நான் யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்தவள், அவள் என்னைவிட நல்ல மட்டக்களப்புத் தமிழ் கதைத்தாள். எரிச்சலாக இருந்தது.

கிழக்குப் பிரிவில் ஆறு கல்லூரிகள். கிங்ஸ்டன், பீற்றர்பரோ, ஒட்டாவா என்று பஸ்ஸில் போவோம். அங்கெல்லாம் யாருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. கோச்சுக்கு அது பெரிய மகிழ்ச்சி. மற்ற அணிகள் விரலால் சைகை காட்டும், இலக்கம் கூப்பிடும். எங்களுக்கு ஒரு மொழியே இருந்தது. கிங்ஸ்டனில் நடுவர் விளையாட்டை நிறுத்திவிட்டு, உங்கள் கீப்பர் கெட்ட வார்த்தை சொல்கிறாரா என்று என்னிடம் கேட்டார். இல்லை, என்னை எருமை என்கிறார், அது வீட்டு விலங்கு என்றேன். அவர் யோசித்துவிட்டு விசிலை ஊதினார்.

திட்டுவார். பாராட்ட மாட்டார். ஒட்டாவாவில் கோல் கோட்டில் வைத்து ஒரு பந்தைத் தலையால் தட்டி வெளியே போட்டேன். நெற்றி வீங்கிவிட்டது. நல்ல சொல் ஒன்று வரும் என்று திரும்பிப் பார்த்தேன். "அந்த இடத்துக்கு நீ ஏன் பிந்தி வந்த?" என்றார். அன்றைக்கு அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விசில் ஊதி ஆட்டம் முடிந்தால் அக்கா ஊமையாகிவிடுவார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காருவார். கேட்டால் ஓம், இல்லை. ஒட்டாவாவிலிருந்து ஸ்காபரோ வரும்வரை ஐந்து மணி நேரத்தில் நாலு சொல். அதே பெண்ணா என்று சந்தேகம் வரும். கல்லூரிக்கு வந்ததும் கழுவறைக்குள் போவார். ஜேர்சியைக் கழற்றி என் பைக்குள் திணிப்பார். சல்வார் போட்டுக்கொண்டு, சீப்பால் தலை இழுத்து, பஸ்ஸுக்கு ஓடுவார். ஜேர்சியை ஏன் என்னிடம் தருகிறார் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டில் தோய்க்கிற மெஷின் பெரியது என்று நினைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு மண்டை எனக்கு.

ஒரு திங்கட்கிழமை முழங்கையில் நீளக் காயத்தோடு கல்லூரிக்கு வந்தார். வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று சும்மா கேட்டேன். ஐஸில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாராம். அது ஒக்டோபர் முதல் கிழமை. ஐஸ் எங்கே இருந்தது என்று நான் கேட்க, அதை அவர் கேட்கவில்லை என்றார் அக்கா. அவர் என்றால் கணவர். மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸில் வாடகைக்கு இருந்தார்கள். கணவர் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஏழு. பிறகு ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். எனக்கும் வேலை, கல்யாணம் என்று தொடர்பு விட்டுப்போயிற்று.

பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். எதிர் அணி விட்பிக்கு அங்கால் உள்ள ஒரு கல்லூரி. சமன் செய்தால் போதும், நாங்கள் அடுத்த சுற்று. தோற்றால் வீடு. எங்கள் பெண்கள் அணி அதுவரை ஒருமுறைகூட அடுத்த சுற்றுக்குப் போனதில்லை. அக்காவுக்கு ஓராண்டுப் படிப்பு. அவருக்கு அடுத்த பருவம் என்று ஒன்று கிடையாது.

ஆட்டத்துக்கு முன் எதிர் அணியின் பெயர்ப் பட்டியலை வாசித்தேன். ஒன்பதாம் இலக்கம், முன்வரிசை. மூச்சு விடாமல் சொல்ல முடியாத நீளத்தில் ஒரு தமிழ்ப் பெயர். பதினைந்து வருடமாக ஸ்காபரோத் தமிழ்ச் சனம் விட்பியில் வீடு வாங்குகிறது. என் பெரியம்மாவே அங்கேதான் இருக்கிறா. எங்கள் ரகசிய மொழி ரகசியம் இல்லாத ஒரே ஒரு இடம் அதுதான். பருவம் முழுக்க ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும்தான். கோச்சிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியது. அக்கா வாயைத் திறக்கவில்லை. தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு நின்றார். ஒன்பதாம் இலக்கத்துக்கு விளங்கிவிடும் என்று வாயை மூடிக்கொண்டார், கெட்டித்தனம்தான் என்று முதலில் நினைத்தேன். பத்து நிமிடத்தில் அந்தக் கெட்டித்தனத்தின் லட்சணம் தெரிந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் பார்க்கிற பழக்கமே போயிருந்தது. ஜமேக்காப் பிள்ளையும் நானும் ஒரே பந்துக்குப் போய் மோதினோம். யாரும் விடு என்று சொல்லவில்லை. அரை மணியளவில் ஒன்பதாம் இலக்கம் என் பின்னாலிருந்து வந்தாள். ஆள் என்று யாரும் சொல்லவில்லை. கோல்.

இடைவேளையில் அக்காவை, பந்தும் வலையும் வைக்கிற கொள்கலனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். மரியாதை பார்க்கவில்லை.

"என்னக்கா, வாயிலை என்ன கொழுக்கட்டையோ?"

அவர் பார்வையாளர் பக்கம் கண்ணைக் காட்டினார். மடிப்புக் கதிரையில் பிளாஸ்கோடு ஒரு அன்ரி. ஒன்பதாம் இலக்கத்தின் தாய். அந்த அன்ரியின் மனுசனும் அக்காவின் கணவரும் ஒரே தொழிற்சாலை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு பிறந்தநாள் விழாவில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

"அவருக்குத் தெரியா, புள்ள. சனி ஞாயிறு பிளேஸ்மென்ற் எண்டு சொல்லித்தான் வாறன்."

பருவம் முழுக்க. கிங்ஸ்டன், ஒட்டாவா எல்லாம் வீட்டுக்கு முதியோர் இல்லத்தில் தொழிற்பயிற்சி. ஜேர்சி ஏன் என் வீட்டில் தோய்கிறது என்று அப்போதுதான் எனக்கு ஏறியது.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா வேணாம் எண்டுவார்."

"எண்டு அவர் சொன்னவரோ?"

"சொல்லல்ல."

"அப்ப ஆர் சொன்னது?"

அக்கா கையுறையின் பட்டியைக் கழற்றிக் கழற்றி ஒட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கேட்காத கேள்விக்குத் தானே பதிலும் சொல்லி, அந்தப் பதிலுக்குப் பயந்து, இரண்டு மாதம் களவாக ஓடித் திரிந்திருக்கிறார். அந்த மனுசன் பாவம், என்ன செய்தார்? என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். கத்தினால் அந்த அன்ரிக்குத் தெரியும், கத்தாவிட்டால் பதினெட்டுப் பிள்ளைகளின் பருவம் முடியும், எது வேண்டுமோ எடுங்கோ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அழகாகப் பேச எனக்கு வராது.

இரண்டாம் பாதி. எதிர் அணி பந்தைத் தட்டியது. நான் பின்னால் பார்க்கவில்லை. தொப்பி ஒன்று பறந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் விழுந்தது மட்டும் கடைக்கண்ணில் தெரிந்தது. பிறகு கேட்டது.

"ஏறு! என்னடி கோயில் தேரா இழுக்கிறீங்க, ஏறு!"

மடிப்புக் கதிரை அன்ரியின் தலை திரும்பியது. திரும்பியது திரும்பியபடி நின்றது. ஒன்பதாம் இலக்கமும் திரும்பிப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு அக்கா விடு என்றால் அவள் அந்தப் பந்துக்கு முதல் ஆளாக ஓடி வந்தாள். இரண்டு தடவை கோல் விழப் பார்த்தது. ஒருமுறை கம்பம், ஒருமுறை அக்காவின் அந்த நல்ல கை. அவளுக்கு விளங்கினால் விளங்கட்டும், எங்களுக்கும் விளங்கியதே. முதல் பாதியில் குருடர்களாக ஓடியவர்கள் இப்போது கண்ணோடு ஓடினார்கள்.

இருந்தும் ஒன்றுக்குப் பூச்சியம்தான். பத்து நிமிடம் இருந்தது. நடுவில் நான் ஒரு பந்தைத் தவறவிட்டேன். என் பிழை. ஒன்பதாம் இலக்கம் அதை எடுத்துக்கொண்டு பறந்தாள். அவளுக்கும் கோலுக்கும் இடையில் அக்கா மட்டும். நான் மூன்று அடி பின்னால் ஓடினேன், எட்டாது என்று எனக்கே தெரியும். அவள் காலை ஓங்கினாள்.

"எடியே, நில்லு!"

நின்றுவிட்டாள்.

பொய் சொல்லவில்லை. ஓங்கிய கால் கீழே வந்தது, இரண்டு கையும் பக்கத்துக்குப் போனது, முகத்தில் 'நான் என்ன செய்தேன்' என்ற கேள்வி. ஒரு விநாடிதான். விட்பியில் பிறந்த பிள்ளை, ஆங்கிலத்தில் கனவு காண்கிறவள். ஆனால் அந்தக் குரல் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்குள்ளும் போய் ஒரு பிரேக்கை அமத்தும். எத்தனை அன்ரிமார் எத்தனை விழா மண்டபங்களில் ஓடித் திரிகிற பிள்ளைகளை அப்படி நிறுத்தியிருப்பார்கள். எனக்கே கால் தடுமாறியது. நான் நிற்காதது ஏன் என்றால், பருவம் முழுக்க அந்தக் குரலிடம் திட்டு வாங்கி எனக்குத் தோல் தடித்துப்போயிருந்தது. பந்தைப் பறித்தேன். கண்ணை மூடிக்கொண்டு முன்னால் அடித்தேன். அங்கே எங்கள் சோமாலியப் பிள்ளை தனியாக நின்றாள். அவள் கண்ணை மூடவில்லை.

ஒன்றுக்கு ஒன்று.

ஒன்பதாம் இலக்கம் நடுவரிடம் ஓடினாள். அந்தக் கீப்பர் என்னை நிற்கச் சொன்னார் என்று ஆங்கிலத்தில் முறையிட்டாள். நடுவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அதற்கு நீ ஏன் நின்றாய் என்று கேட்டார். அவள் தாயைப் பார்த்தாள். தாய் பிளாஸ்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தா. எதிராளியை அப்படிச் சொல்லால் ஏமாற்றுவது விதிப்படி தப்பு. மஞ்சள் அட்டை கொடுத்திருக்கலாம். நடுவருக்குத் தமிழ் தெரியாதது எங்கள் அதிர்ஷ்டம். அக்கா திட்டம் போட்டுச் செய்யவில்லை, அது அவருக்குத் தானாக வந்தது. நான் அதைச் சாட்டாகச் சொல்லவில்லை. அந்தக் கோலை வேண்டாம் என்று நான் திருப்பிக் கொடுத்திருக்கவும் மாட்டேன்.

சமனில் முடிந்தது. நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தோம். எழும்பிப் பார்த்தால், மைதானத்தைக் குறுக்காகக் கடந்து அந்த அன்ரி வந்துகொண்டிருந்தா. அக்கா தொப்பியை எடுத்துப் போடவில்லை. நிமிர்ந்து நின்றார்.

"தங்கச்சி, நீர் எங்கட இவரோட வேலை செய்யிறவற்ரை மனுசியெல்லே?"

"ஓம். நான்தான்."

"என்ர சொல்லை ஒருநாளும் கேளாதவள், உம்மட சொல்லுக்கு நிண்டிட்டாள்" என்றா அன்ரி. "எனக்கும் உந்தக் குரலை ஒருக்காப் பழக்கி விடும்."

அக்கா பஸ் எடுத்து மல்வேர்ன் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த நாள் என்ன நடந்தது என்று கேட்டேன். சண்டை, அழுகை என்று எதையோ எதிர்பார்த்துப் பயந்துபோய்த்தான் கேட்டேன். அக்கா குழம்பிப்போய் இருந்தார். கணவர் நம்பவில்லையாம். அது வேறு யாரோவாக இருக்கும், என்ர மனுசி சத்தம் போட்டுக் கதைக்க மாட்டா, இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் கேட்டதில்லை என்று அந்த அன்ரியிடமே தொலைபேசியில் வாதாடினாராம். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் அது நான்தான் என்று சொன்னபோதும், அவர் அடுத்தது எப்ப என்று மட்டும் கேட்டாராம்.

அடுத்தது கிச்சினரில். மேற்குப் பிரிவில் முதலாவதாக வந்த அணி. கணவர் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு காரில் வந்தார். மெலிந்த மனுசன். கோலுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே, ஜக்கெற் பொக்கெற்றில் கையை விட்டுக்கொண்டு நின்றார். அக்கா ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்ததைக் கண்டேன். முதல் கோர்னர் வந்துகொண்டிருந்தது. செத்தோம், இன்றைக்கும் வாய் மூடிவிடும் என்று நினைத்தேன்.

"ஆள்! ஆள்! எருமை, கிறுகு!"

எருமை நான்தான். திரும்பினேன்.

நாலுக்குப் பூச்சியம் தோற்றோம். அவர்கள் எங்களைவிட நல்ல அணி, வேறு காரணம் இல்லை. எழுபதாம் நிமிடம் எனக்குச் சிவப்பு அட்டை, அதற்கும் வேறு காரணம் இல்லை. அணி பஸ்ஸில் ஏற எனக்கு முகமில்லை. நானும் மல்வேர்ன் என்பதால் கோச்சிடம் சொல்லிவிட்டு அக்காவின் காரில் வந்தேன். பின்னால் பிள்ளைகளுக்கு நடுவில் என்னை இருத்தினார்கள். அக்கா முன்னால், ஜன்னல் பக்கம், வழக்கமான ஊமை. கணவரும் பேசவில்லை. மில்ற்றன் தாண்டியது. எயர்போர்ட் தாண்டியது.

அப்போது அவர் வீதியைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த ரெண்டாவது கோலுக்கு நீர் ஏன் வெளியில வந்தனீர்? நிண்டிருந்தா பிடிச்சிருக்கலாம்."

அக்கா மெதுவாகத் திரும்பினார். முதலில் அவரைப் பார்த்தார், பிறகு பின்னால் என்னைப் பார்த்தார். பிறகு தொடங்கினார். தான் வெளியே வந்தது சரி, என்ன பிழை என்றால் இந்த எருமை தன் ஆளை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. நிண்டிருந்தால் பிடித்திருக்கலாமாம், உங்களுக்கு வேலிக்கு வெளியே நின்று சொல்லச் சுகம். அவர் விடவில்லை, இல்லை, அந்தப் பிள்ளை இடக்காலால் அடித்தவள் என்றார். அக்காவும் விடவில்லை, இடக்காலோ வலக்காலோ கோணத்தைச் சின்னதாக்க வேணும், அது உங்களுக்கு என்ன தெரியும் என்று கையால் காரின் முன் கண்ணாடியில் கோல் கம்பம் கீறிக் காட்டினார். குரல் மைதானக் குரலாக ஏறிக்கொண்டே போனது. நான் மூன்றாவது கோலுக்கும் காரணம் ஆனேன். நாலாவதுக்கு நான் மைதானத்திலேயே இல்லை, அதற்கும் நான்தான் காரணம்.

மகள் என் காதுக்குள் குனிந்தாள். "இஸ் ஷீ ஆல்வேஸ் லைக் திஸ்?"

"ஓம்" என்றேன்.

நீல்சன் வீதி இறக்கம் வந்தது. மல்வேர்னுக்கு அதில்தான் இறங்க வேண்டும். கணவர் அக்காவின் குரலைக் கேட்டுச் சிரித்தபடி அதை நேராகக் கடந்து போனார். அடுத்த இறக்கத்தையும் கடந்தார். அக்கா மறுபடி மூன்றாவது கோலுக்கு வந்திருந்தார். பிக்கரிங் பலகை தெரிந்தது. இதற்கு அங்கால் போனால் விட்பிதான். எனக்குப் பசி வேறு. இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.